வியப்புக் கதையும் எமது விமர்சகரும்

விஞ்ஞானப் புனைகதையும் மாயக்கதையும் வாழ்வை எதிர்கொள்ள அஞ்சுவோரின் புகலிடம் என்பது எம்மிடையே மேன்முறையீடற்ற தீர்ப்பாகிவிட்டது. இன்றைய மாணவர் அவற்றைக் கைப்பேசியில், பொட்காஸ்ட் எனும் ஒலித்தொடர்களாகக் கேட்கின்றனர். கேட்பதும் இலக்கியப் பயிற்சியாகுமா என்ற ஏளனமும் இப்போது சேர்ந்துகொண்டது.

மண்வாசனையும் யதார்த்தமுமே இலக்கியத்தின் உரைகல் என 1960களில் வலியுறுத்தப்பட்டது அக்காலத்தின் தேவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உரைகல்லே வேலியாகிவிட்டது. அவ்வேலிக்குள் சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) கூட அடங்காது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலென நாம் பெருமைகொள்ளும் அந்நூலின் நாயகன் மிசுறு தேசத்தவன்!

யதார்த்தம் என்பதுதான் யாது? கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். கடல் எழுந்து ஊருக்குள் புகும் என்று 2004 டிசம்பர் 25ஆம் திகதி ஒருவன் கதை எழுதியிருப்பின், வெறுங் கற்பனை என்றே அது தள்ளப்பட்டிருக்கும். மறுநாள் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே தீவு, அந்நில அதிர்வின் மையத்துக்கு மிக அண்மையிலுள்ளது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் அன்று இறந்தோர் ஏழு பேர் என்பர். 1907இல் தம் கரையை அழித்த பேரலையை ‘ஸ்மொங்’ என்ற பெயரால் மூத்தோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர்: நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு. ஏட்டிலன்றிச் செவியில் வாழ்ந்த கதை அது.

எமது கரையில் நிலம் அவ்வாறு நடுங்கவுமில்லை, ஓடி ஏற மலையுமில்லை என்று மறுக்கலாம். உண்மையே. ஆயினும் கடல் ஊருக்குள் வரக்கூடும் என்று கேட்டு வளர்ந்தவனுக்கும் அவ்வெண்ணமே இல்லாதவனுக்கும் இடையே சில கணங்களின் வேறுபாடுண்டு. அக்கணங்களின் பெறுமதியை எம்மூரவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

‘அது நடந்த சம்பவம், விஞ்ஞானப் புனைகதை அன்று’ எனவும் கூறுவர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1883இல் கிரகட்டோவா எரிமலை எழுப்பிய அலை காலித் துறைமுகத்தை எட்டியதைத் தம் முதல் இலங்கை நூலில், 1957இலேயே, எழுதியவர் யார்? விஞ்ஞானப் புனைகதையாளர் ஆதர் சி. கிளார்க். நிகழாததைச் சிந்திக்கப் பழகிய மனமே நிகழ்ந்து மறக்கப்பட்டதையும் தேடிச் செல்கிறது. 1956 முதல் 2008இல் மறையும்வரை இத்தீவிலேயே வாழ்ந்த அவரை எம்முள் எத்தனை பேர் தமிழில் படித்தோம்?

சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் இத்தகைய ஆக்கங்களை முதற்பக்கத்தோடு ஒதுக்கிவைக்கும் நடுவர்கள், இவ்வாண்டிலேனும் இறுதிப்பக்கம் வரை வாசிக்கட்டும்.