அலாரம் ஒலித்தால் யார் வருவார்?

2015-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், லண்டன் நகைத் தொழிலின் மையமான ஹாட்டன் கார்டனில், நிலவறையில் இயங்கிய பாதுகாப்புப் பெட்டக நிறுவனம் ஒன்று கொள்ளை போனது. அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்தார்கள். அதிகம் பேசப்பட்டவை துளைபோட்ட இயந்திரமும் கொள்ளையர்களின் முதிர்ந்த வயதும்தான். கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அன்று அலாரம் வேலை செய்தது. நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்திலேயே தகவல் கண்காணிப்பு நிறுவனத்துக்கும் அங்கிருந்து லண்டன் காவல்துறைக்கும் போய்ச் சேர்ந்தது. காவல்துறையோ அந்த அழைப்பை ஆள் அனுப்பத் தேவையில்லாத வகையில் சேர்த்துவிட்டது. உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டது. பார்க்க வந்த காவலாளி வெளியே நின்று கதவுகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். முதல் இரவில் வேலையை முடிக்க முடியாமல் போன கொள்ளையர்கள் சனிக்கிழமை இரவு திரும்பி வந்து முடித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

நம் ஊர்களில் நகைக்கடை, அடகுக்கடை, மருந்துக்கடை, கூட்டுறவுச் சங்கம் என்று எல்லா இடங்களிலும் அலாரம் வந்துவிட்டது. பொருத்தும் நாளில் சைரனை ஒருமுறை அலறவிட்டுப் பார்ப்பதோடு உரிமையாளரின் அக்கறை முடிந்துவிடுகிறது. எந்த இடத்தை எந்த ஸோனில் (அலாரம் தனியாகக் கண்காணிக்கும் பகுதியில்) சேர்ப்பது, தகவல் யாருக்குப் போவது, யாருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது ஆகிய மூன்றையும் கம்பி இழுக்க வந்த டெக்னீஷியனே தீர்மானித்துவிட்டுப் போகிறார். அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் கடையில் மதிப்புள்ள பொருள் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார் என்பதெல்லாம் உரிமையாளருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த மூன்றும் அவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

முதலில் ஸோன். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பெரிய நகைக்கடையில் சுமார் 13 கோடி ரூபாய் நகைகள் திருடு போயின. திருடர்கள் சுவரில் துளையிட்டு உள்ளே போனார்கள். ஷட்டரிலும் கதவிலும் மட்டும் சென்சார் வைத்திருக்கும் கடையில் இப்படி நடந்தால், பேனல் எந்தக் குறையும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். பின்சுவருக்கு அதிர்வு சென்சார் வேண்டும், அது தனி ஸோனாகவும் இருக்க வேண்டும். முன்கதவைத் திறந்து வருபவர் கீபேடில் எண்ணைப் போட முப்பது விநாடியாவது அவகாசம் தேவை. நகைப் பெட்டக அறைக்கு ஒரு விநாடிகூடக் கொடுக்கக் கூடாது. கல்லாவுக்கு அடியில் உள்ள அவசரப் பொத்தான், கடை திறந்திருக்கும் நேரத்திலும் சத்தமில்லாமல் தகவல் அனுப்ப வேண்டும். கம்பியும் நேரமும் மிச்சம் என்று எல்லாச் சென்சார்களையும் ஒரே ஸோனில் கோத்துவிட்டால், எங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் 'அலாரம்' என்ற ஒற்றைச் சொல்தான் வந்து சேரும். வந்து பார்ப்பவரும் வாசலோடு திரும்பிவிடுவார்.

அடுத்தது அதிகாரம். என் பார்வையில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். கண்காணிப்பு மையங்களுக்குத் தகவல் அனுப்பப் பரவலாகப் பயன்படும் 'கான்டாக்ட் ஐடி' முறையில், ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் மூன்று இலக்கங்கள் உண்டு. திருட்டு அலாரம் என்றால் அவை ஸோன் எண்ணைக் குறிக்கும். அலாரத்தை யாரோ அணைத்தார்கள் என்றால் அணைத்தவரின் எண்ணைக் குறிக்கும். யார், எப்போது என்ற இரண்டும் பதிவாகும் அருமையான ஏற்பாடு இது. பத்து ஊழியர்களும் ஒரே ரகசிய எண்ணைப் பயன்படுத்தும் கடையில் அந்த மூன்று இலக்கங்களுக்கு ஒரு பொருளும் இல்லை. போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்கும் அந்த எண் தெரியும். ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். அணைக்கும் உரிமை கடை திறப்பவருக்கு. ஒரு ஸோனை பைபாஸ் செய்யும், அதாவது கண்காணிப்பிலிருந்து விலக்கிவைக்கும் உரிமை மேலாளருக்கு. ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் உரிமையாளருக்கு மட்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் டெக்னீஷியன் எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஊழியர்களைச் சந்தேகிப்பதாகாதா என்று கேட்பார்கள். பல ஆண்டு உழைத்தவரிடம் தனி எண்ணை நீட்டும்போது வரும் சங்கடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பொது எண் உள்ள கடையில் ஏதாவது காணாமல் போனால் பத்துப் பேரும் காவல் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும். தன் எண் அந்த இரவில் பயன்படவில்லை என்ற பதிவுதான் நேர்மையானவருக்குக் கைகொடுக்கும். வங்கிப் பெட்டகங்களில் இந்த வழி ஏற்கெனவே வந்துவிட்டது. லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்குள் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் விதித்தது. அதைச் சந்தேகம் என்று எவரும் சொல்வதில்லை.

பொய் அலாரம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அமெரிக்க நீதித்துறைக்காக எழுதப்பட்ட ஒரு காவல் கையேடு, அங்கே திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய்யானவை என்கிறது. பூனைக்கும் பல்லிக்கும் அலறும் கருவியை அக்கம்பக்கத்தார் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் பொய் அலாரங்களில் பெரும்பகுதி அமைப்போ பயன்படுத்தும் விதமோ சரியில்லாததால் வருவது: அவகாசம் போதாத கதவு, மின்விசிறிக் காற்றில் ஆடும் திரைக்கு எதிரே வைத்த சென்சார், எண்ணைச் சரியாகப் போடத் தெரியாத புதிய ஊழியர். பிரிட்டனில் இரண்டாவது சென்சாரும் உறுதிப்படுத்திய அலாரத்துக்கே பொதுவாகக் காவல்துறை முன்னுரிமையோடு வருகிறது. அதற்கும் ஸோன்களைச் சரியாகப் பிரித்திருக்க வேண்டும். செலவைக் காட்டித் தள்ளிப்போடுவதிலும் நியாயம் குறைவு. அதிர்வு சென்சாருக்குப் பணம் வேண்டும். ரகசிய எண்களைப் பிரிப்பதற்கும், தகவல் போக வேண்டிய தொலைபேசி எண்களை வரிசைப்படுத்துவதற்கும் ஒரு பிற்பகல் போதும்.

அலாரம் வைத்திருப்பவர்கள், பொருத்திய நிறுவனத்திடம் ஸோன் பட்டியலையும் பயனர் பட்டியலையும் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஸோனிலும் ஒருவரை நடக்கவிட்டு, தகவல் யார் போனுக்கு, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். விலகிப்போன ஊழியர்களின் எண்களை இன்றே நீக்கிவிடுங்கள்.