வீணை வீட்டு ஒற்றர்

சினிமா ஒற்றன் கிடார் பெட்டியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இருக்கும். தில்லி நிஜாமுதீனில் ஒரு தர்காவோடு சம்பந்தப்பட்ட நிஜக் கதையில் இசை உண்டு, உளவும் உண்டு. துப்பாக்கி கடைசியில்தான் வருகிறது, அதுவும் எதிரியின் கையில்.

தர்காவில் துயில்பவர் ஹஸ்ரத் இனாயத் கான். பரோடா சங்கீதக் குடும்பம். 1910இல் உறவினர்களோடு மேல்நாட்டுக்குக் கப்பலேறிய வீணை வித்வான், சூஃபி ஞானி. ஐரோப்பாவில் மாதா ஹரியின் நடனத்துக்கு இவர் குழு பக்கவாத்தியம் வாசித்திருக்கிறது. ஜெர்மன் உளவாளி என்று பிரான்ஸ் 1917இல் சுட்டுக் கொன்ற அதே மாதா ஹரி. கான் 1927இல் தில்லியில் காலமானார். தன் மூத்த மகளுக்கும் தோட்டாதான் முடிவு என்று அவர் நினைத்திருக்க நியாயமில்லை.

மகள் நூர். வீணை, ஹார்ப் இரண்டும் வாசிப்பார். குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளை எழுதி 1939இல் புத்தகமாக்கியவர். திப்பு சுல்தானின் வழிவந்தவர்கள் என்பது குடும்பத்தின் பெருமை. பிரிட்டனின் ரகசியப் படை அதைப் பொருட்படுத்தவில்லை. பயிற்சி கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றித் திருப்தியில்லை. பொய் சொல்ல வராதவர் எப்படி ஒற்றராவார்? ஆனால் வயர்லெஸ் ஆட்களுக்குப் பஞ்சம். 1943 ஜூனில் பிரான்சில் இறக்கிவிட்டார்கள். சங்கீதம் தெரிந்தவருக்குக் கொடுத்த வேஷம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா!

சில நாட்களிலேயே சகாக்கள் கொத்தாகப் பிடிபட்டனர். திரும்பி வரச் சொன்னது லண்டன். நூர் மறுத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டர் பெட்டியோடு வீடு வீடாக மாறி மாதக்கணக்கில் தகவல் அனுப்பினார். அக்டோபரில் காட்டிக் கொடுக்கப்பட்டார். அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது பெரும் பிழை. ஜெர்மானியர் அவருடைய கருவியிலேயே அவரைப் போல் தட்டினார்கள்.

மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு, வீணை மீட்டல் மாதிரி. பழகிய காது ஆளைக் கண்டுபிடித்துவிடும். லண்டன் மேலதிகாரிகள் நூர்தான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பாராசூட்டில் குதித்தவர்கள் நேரே எதிரியின் கையில் விழுந்தார்கள். நூரின் நோட்டைக் குறை சொல்லும் புத்தகங்கள் இந்தச் செவிட்டுத்தனத்தையும் அதே கடுமையோடு சொல்ல வேண்டும்.

டகாவ் முகாமில் 1944 செப்டம்பர் 13 அன்று நூரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தது. லண்டன் கார்டன் சதுக்கத்தில் 2012இல் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. தகப்பனாருக்கு நிஜாமுதீனில் சமாதியும் கவ்வாலியும் உண்டு. மகளுக்குச் சமாதி இல்லை.