ஒரு மாவட்டம், இரு கரைகள்

1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பு நகரிலே பள்ளி தொடங்கினார். மண்முனைத்துறையிலே பாலம் திறக்கப்பட்டதோ 2014 இல். அதுவரை அத்துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனும் மிதவையே துணை. இவ்விருநூறு ஆண்டு இடைவெளியைப் “படுவான்கரைப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்ற ஒரே வாக்கியத்தால் மறைத்துவிடும் கல்விமான்கள் இன்றும் நம்மிடையே உளர்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. பின்தங்கியவற்றுள் மட்டக்களப்பும் ஒன்று. நன்று! ஆயின் அச்சலுகையை நுகர்வோர் யாவர்? நகரின் பழம்பெருங் கல்லூரியில் ஆய்வுகூட வசதியோடு பயின்று, மாலையில் தனியார் வகுப்புக்கும் செல்லும் மாணவனும், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இரசாயனவியல் ஆசிரியருக்காகக் காத்திருக்கும் மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியின்முன் நிறுத்தப்படுகின்றனர். படுவான்கரையின் வறுமையைக் காட்டிப் பெற்ற இடத்திலே எழுவான்கரை அமர்கின்றது. இதற்குச் சமநீதி என்று பெயர்!

மாவட்ட ஒதுக்கீட்டினுள்ளேயே, பரீட்சார்த்தி பயின்ற பாடசாலையின் தரமும் கணிக்கப்படல் வேண்டும். நகரத்துப் பெற்றோர் இதனை எதிர்ப்பர். அப்பெற்றோருள் விரிவுரையாளராகிய நம்மிற் பலரும் அடங்குவர்.