வாடகை கேரவனில் சுற்றுலா: இரவில் எங்கே நிறுத்துவது?

புது தில்லி: படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களின் ஓய்வறையாகவே பெரும்பாலோர் அறிந்திருந்த கேரவன், இப்போது குடும்பச் சுற்றுலாவுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் படுக்கை, சிறிய சமையலறை, கழிப்பறை, ஏசி ஆகிய வசதிகளுடன் கூடிய வேன்களைத் தனியார் நிறுவனங்கள் நாள் வாடகைக்கு அளித்து வருகின்றன. விடுதி அறை தேட வேண்டாம், பெட்டிகளைத் தூக்கி அலைய வேண்டாம், குழந்தைகளையும் முதியோரையும் களைப்பின்றி அழைத்துச் செல்லலாம் என்பதே இதன் கவர்ச்சி.

ஆனால், வாகனத்தைப் பதிவு செய்யும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: இரவில் இந்த வாகனம் எங்கே நிற்கும்? அந்த இடத்தில் மின்சாரம் இருக்குமா? சுற்றுலா எப்படி அமையும் என்பதை மட்டுமல்ல, பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பையும் தீர்மானிப்பது இக்கேள்விக்கான பதில்தான்.

வடகரை தந்த எச்சரிக்கை

2024 டிசம்பரில் கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் இருவர் உயிரிழந்து கிடந்தனர். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். வாகனத்தின் ஓட்டுநரும் உடன் பணியாற்றியவரும் ஆவர். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வாகனத்தை ஓரம் கட்டி உள்ளேயே உறங்கியுள்ளனர். ஏசி இயங்குவதற்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே மரணத்துக்குக் காரணம் என்பது, கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் பங்கேற்ற ஆய்வில் தெரியவந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமும் இல்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள் உயிரிழக்கும் செய்திகள் தில்லியில் ஆண்டுதோறும் வெளியாகின்றன. அதே ஆபத்துதான் கேரவனில் ஜெனரேட்டர் வடிவில் வருகிறது.

கணக்கு சொல்லும் உண்மை

கேரவனில் ஜெனரேட்டர் ஏன் தேவைப்படுகிறது என்பதை எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் எனக் கொண்டால், எட்டு மணி நேர உறக்கத்துக்கு எட்டு யூனிட் வேண்டும். வீடுகளில் இன்வெர்ட்டருடன் பயன்படுத்தும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் சேமிக்கக்கூடியது 1.8 யூனிட் மட்டுமே. அதையும் முழுவதுமாகப் பயன்படுத்த முடியாது. கூரையில் பொருத்தும் சூரிய மின்தகடுகள் விளக்கு, மின்விசிறி, கைபேசி ஆகியவற்றுக்கு உதவும். இரவு முழுவதும் ஏசியை இயக்க அவை மட்டும் போதா.

எனவே வெளியிலிருந்து மின் இணைப்புப் பெற வேண்டும், அல்லது ஜெனரேட்டரையோ வாகனத்தின் இன்ஜினையோ ஓடவிட வேண்டும். வெளி இணைப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் பயன்படும் 16 ஆம்பியர் பிளக் ஒன்று போதும். அதிலிருந்து சுமார் 3.6 கிலோவாட் வரை பெற முடியும். சாலையோரத்தில் அந்த ஒரு பிளக் கிடைக்காததுதான் சிக்கலின் வேர்.

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் ஏசி இல்லாமல் உலோகக் கூண்டு போன்ற வேனுக்குள் உறங்க இயலாது. குளிர்காலத்திலோ காற்று மாசு உச்சத்தை எட்டுகிறது. மாசுக் கட்டுப்பாட்டுக்கான படிநிலைச் செயல்திட்டம் நடைமுறைக்கு வரும்போது டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது. மூன்றாம் நிலையில், தில்லியிலும் குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், கௌதம புத்த நகர் மாவட்டங்களிலும் பிஎஸ்-4 டீசல் நான்கு சக்கர வாகனங்களின் இயக்கம் தடை செய்யப்படுகிறது. வாடகை கேரவன்களில் பெரும்பாலானவை டீசல் வேன்களில் உருவாக்கப்பட்டவை. எனவே குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடுவோர், வாகனம் பிஎஸ்-6 தரத்தைச் சேர்ந்ததா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டறிவது அவசியம்.

நகருக்குள் ஒரு வேன், நகருக்கு வெளியே ஒரு வீடு

பெருநகரச் சாலைகளில் கேரவன் ஒரு சங்கடமான வாகனம். காரைவிட நீளம் அதிகம். கூரையில் ஏசி இருந்தால் உயரமும் கூடும். குடியிருப்புப் பகுதிகளில் தாழ்வாகத் தொங்கும் கம்பிகள், வாகன நிறுத்துமிடங்களின் உயரத் தடுப்புக் கம்பிகள், தாழ்வான ரயில் பாலங்கள் ஆகியவற்றைக் கடக்கும் முன் வாகனத்தின் உயரம் ஓட்டுநருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கனமழையின்போது தில்லியின் மிண்டோ பாலம் போன்ற சுரங்கப் பாதைகளில் தண்ணீர் தேங்குவது வழக்கம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

பொது இடத்தில் நிறுத்திவிட்டு உறங்குவதும் சட்டப்படி எளிதல்ல. நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வாகனத்தையும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தையும் அப்புறப்படுத்த உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு காவல் துறைக்கு அதிகாரம் அளிக்கிறது. பிறருக்கு ஆபத்தாகவோ இடையூறாகவோ வாகனத்தை நிறுத்துவதை 122-ஆவது பிரிவு தடை செய்கிறது. சக்கரங்களின் மேல் இருப்பது வீடே ஆனாலும், சட்டத்தின் பார்வையில் அது வாகனம்தான்.

நகரைத் தாண்டிவிட்டால் சாலைகள் வெகுவாக மேம்பட்டுள்ளன. கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கி.மீ. நீள யமுனா விரைவுச்சாலை 2012-இல் திறக்கப்பட்டது. தில்லியைச் சுற்றிச் செல்லும் கிழக்கு, மேற்கு புறவழி விரைவுச்சாலைகள் 2018-இல் பயன்பாட்டுக்கு வந்தன. தில்லி - மும்பை விரைவுச்சாலையின் சோஹ்னா - தௌசா பகுதி 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பின் ஜெய்ப்பூர் பயண நேரமும் குறைந்தது. ஆக, ஓடுவதற்கான வசதி பெருகியிருக்கிறது. நிற்பதற்கான வசதி அதே வேகத்தில் வளரவில்லை.

சுங்கக் கட்டணத்திலும் கவனம் தேவை. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் கார், ஜீப், வேன் ஆகியவற்றை ஒரு வகையாகவும், இலகுரக வணிக வாகனம், மினி பேருந்து ஆகியவற்றை மற்றொரு வகையாகவும் பிரிக்கின்றன. முதல் வகைக்கு கிலோமீட்டருக்கு 65 காசு, இரண்டாம் வகைக்கு 1 ரூபாய் 5 காசு என்ற விகிதத்தில் அடிப்படைக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. வாடகை கேரவனின் ஃபாஸ்டேக் எந்த வகையில் உள்ளது என்பதைப் பொறுத்துப் பயணச் செலவு மாறும். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ், வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே பொருந்தும்.

நம்பர் பிளேட்டின் நிறம்

வாடகைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாகனத்தின் நம்பர் பிளேட்டைத்தான். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டு வாகனம். மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து இருந்தால் ஓட்டுநருடன் வாடகைக்கு இயங்கும் வாகனம். கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடிக்கையாளரே ஓட்டிச் செல்லும் வாடகை வாகனம்.

சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவான கேரவனை வாடகைக்கு விடுவது பெர்மிட் இல்லாமல் வணிக வாகனம் இயக்குவதற்கு ஒப்பாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி இதற்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். இதைவிடப் பெரிய இழப்பு காப்பீட்டில் நேரும். பொது இடத்தில் பெர்மிட் இன்றி வாகனத்தை இயக்குவது அடிப்படை விதிமீறல் என 2018-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் வழங்கும் தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம் என்று கூறியது.

தானே ஓட்ட விரும்புவோருக்கு நற்செய்தி ஒன்று உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான வாகனங்களை, வணிக வாகனமே ஆனாலும், இலகுரக மோட்டார் வாகன உரிமம் உள்ளவர் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வேன்களில் உருவாக்கப்படும் கேரவன்கள் பெரும்பாலும் இந்த எடை வரம்புக்குள் அடங்கும்.

எனினும் நடைமுறையில் பெரும்பாலான கேரவன்கள் ஓட்டுநருடனேயே வாடகைக்கு வருகின்றன. வாடிக்கையாளரே ஓட்டும் வாகனங்களுக்கான 1989-ஆம் ஆண்டுத் திட்டம் ஆறு பயணிகள் வரையிலான டாக்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. உரிமம் பெற குறைந்தது 50 வாகனங்கள் வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஓரிரு கேரவன்களை வைத்துத் தொழில் நடத்துவோருக்கு அது எட்டாத உயரம்.

ஓட்டுநர் உடன் வருகிறார் என்றால், அவர் எங்கே உறங்குவார் என்ற கேள்வியும் உடன் வருகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்பதே தொழிலாளர் சட்டங்களின் பொதுவான வரம்பு. பகல் முழுவதும் ஓட்டிவிட்டு இரவில் ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து கண்ணயரும் ஒருவர், மறுநாள் மலைப்பாதையில் குடும்பத்தை அழைத்துச் செல்கிறார். ஒப்பந்தத்தில் அவருக்குத் தங்குமிடம் குறிப்பிடப்படாவிட்டால், அதன் விலையைப் பயணிகளும் சேர்ந்தே செலுத்த நேரலாம்.

தீயும் உருமாற்றமும்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பற்றி, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் 9 பேர் உயிரிழந்ததைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விதிகளை மீறி எடுத்துவரப்பட்ட சமையல் எரிவாயு சிலிண்டரே காரணம் என ரயில்வே தெரிவித்தது. 2025 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே ஏசி பேருந்து எரிந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பேருந்தின் உடற்கட்டமைப்பும் அதற்கு அளிக்கப்பட்ட ஒப்புதலும் கேள்விக்குள்ளாயின.

ஒரே கதவு, எளிதில் பற்றும் உள்ளலங்காரம், எரிவாயு, மின் கம்பிகள் ஆகிய அனைத்தும் கேரவனிலும் ஒன்றுகூடுகின்றன. மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தர விதி உள்ளது. உற்பத்தியாளரின் அசல் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை உருமாற்றக் கூடாது என 2019-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. எனவே, பதிவுச் சான்றிதழில் வாகன வகை என்னவென்று குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தாலே, அது அங்கீகாரம் பெற்ற கேரவனா, பட்டறையில் மாற்றப்பட்ட வேனா என்பதைப் பெருமளவு ஊகிக்கலாம்.

கழிவு எங்கே போகிறது?

கேரவனின் கழிப்பறைத் தொட்டி இரண்டு, மூன்று நாட்களில் நிரம்பிவிடும். அதைக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு உள்ள இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். அத்தகைய இடம் இல்லாதபோது வடிகாலும் ஆற்றங்கரையும் குறுக்குவழியாகிவிடுகின்றன. தில்லியில் யமுனையின் 22 கி.மீ. தொலைவு ஏற்கெனவே அந்நதியின் மிக மாசடைந்த பகுதி. கேரவன்கள் அதிகம் நாடும் மலை மாநிலங்களும் எச்சரிக்கையாகிவிட்டன. ஹிமாசல பிரதேசத்தில் வணிகப் பயணிகள் வாகனங்களில் குப்பைக் கூடை வைப்பது 2025-இல் கட்டாயமாக்கப்பட்டது. உத்தரகண்டில் சார்தாம் யாத்திரைக்குச் செல்லும் வணிக வாகனங்கள் பசுமை அட்டையும் பயண அட்டையும் பெற வேண்டும்.

கொள்கை உண்டு, பிளக் வேண்டும்

கேரவன் சுற்றுலாவையும் அதற்கான முகாம் பூங்காக்களையும் ஊக்குவிக்க மத்திய சுற்றுலா அமைச்சகம் பத்தாண்டுகளுக்கு முன்பே கொள்கை வகுத்தது. மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-இல் தனிக் கொள்கைகளை அறிவித்தன. கேரளத்தின் ‘கேரவன் கேரளா’ திட்டம் வாகனத்துக்கு மட்டுமின்றி நிறுத்துமிடத்துக்கும் இலக்கணம் வகுத்தது: பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வாகனங்களுக்கான இடமும் வேண்டும். அதன் முதல் பூங்கா 2022-இல் வாகமண்ணில் திறக்கப்பட்டது. இவ்வளவு முன்னேறிய மாநிலத்திலேயே வடகரை துயரம் நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. பூங்கா என்பது பயணத்தின் முடிவில் இருக்கிறது. களைத்த ஓட்டுநருக்கு இடம் தேவைப்படுவதோ வழியில்.

அந்த வழியில்தான் தீர்வும் இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கி.மீ.க்கு ஒன்று என்ற அளவில் 600-க்கும் மேற்பட்ட பயணிகள் வசதி மையங்களை அமைக்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2022-இல் திட்டமிட்டது. கழிப்பறை, வாகன நிறுத்துமிடம், மின் வாகன சார்ஜிங், தங்குகூடம் ஆகியவற்றை உள்ளடக்கிய ‘ஹம்சஃபர்’ கொள்கை 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது. இம்மையங்களில் நான்கைந்து கேரவன்களுக்கு இடமும், கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் 16 ஆம்பியர் இணைப்பும், கழிவு அகற்றும் ஒரு குழியும் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. ஓட்டுநருக்கான தங்குகூடம் ஏற்கெனவே கொள்கையில் உள்ளது.

அதுவரை பொறுப்பின் பெரும்பகுதி பயணிகள் மீதே விழுகிறது. ஒவ்வோர் இரவுக்கும் மின் இணைப்புள்ள விடுதி வளாகத்தையோ முகாமையோ முன்பதிவு செய்வது, வாகனத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்பானும் உள்ளனவா என்று பார்ப்பது, ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடும்போது உள்ளே எவரும் உறங்குவதில்லை எனத் தீர்மானிப்பது ஆகிய மூன்றும் தவிர்க்கக் கூடாதவை. மூன்றாவது விதி ஓட்டுநருக்கும் பொருந்தும். வடகரையில் அந்த இரவு, பயணிகள் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டனர். வாகனத்திலேயே உறங்க வேண்டியிருந்தவர்கள் சேரவில்லை.