கார்ப்யுரேட்டரைத் தொடுமுன்

பழைய அம்பாஸிடரையும் பத்மினியையும் விற்க மனமின்றி வீட்டு வாயிலில் வைத்துப் பேணிவரும் அன்பர்கள் நம் சங்கத்தில் இன்றும் உளர். தகப்பனார் வாங்கிய வண்டி என்ற பாசம் ஒரு காரணம். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் உள்ள உற்றார் வீட்டு நன்மை தீமைகளுக்குக் குடும்பத்தோடு எந்நேரமும் புறப்படலாம் என்ற வசதி மற்றொன்று. அம்பாஸிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இவ்வண்டிகளின் நோயறிந்து மருந்து செய்வோரும் அருகி வருகின்றனர். ஆதலின் உடையவரே சிறிது அறிந்திருத்தல் நலம்.

மழைக்காலத்து இரவுகளில் எஞ்சின் திக்குகிறது, கரும்புகை வருகிறது, பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகிறது என்பதே பலரும் கூறும் குறை. இதைக் கேட்டவுடன் பட்டறைக்காரரின் கை கார்ப்யுரேட்டர் திருகாணிக்குத்தான் செல்லும். இவ்வழக்கத்தை நாம் சிறிதும் ஏற்பதில்லை. முதலில் பார்க்கவேண்டியது பாட்டரியை.

காரணம் எளிது. இடவப்பாதி மழையில் முன்விளக்கும் வைப்பரும் ஒருங்கே ஓடும்பொழுது, சார்ஜ் குறைந்த பாட்டரியால் இக்னிஷன் காயிலுக்குப் போதிய மின்சாரம் தர இயலாது. பொறி மெலிகின்றது. மெலிந்த பொறியால் பெட்ரோல் முழுதும் எரிவதில்லை. எரியாத பெட்ரோல் பிளக்கில் கரியாய்ப் படிகின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு, கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது போலவே தோன்றும். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டால், பகலில் பாட்டரி தேறியபின் அதே வண்டி பெட்ரோல் போதாமல் இருமும், சூடேறும். ஒரு நோய் இரண்டாகிவிடும்.

கரமனையிலுள்ள அன்பர் ஒருவர் இவ்வாறே இரண்டு பட்டறைகளில் கலவையைத் திருத்திக்கொண்டு, மூன்றாவதில் எஞ்சினையே பிரிக்கவேண்டும் என்று கேட்டுத் திகைத்து நின்றார். கடைசியில் பிழை எங்கிருந்தது? எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையில்! கடற்காற்று வீசும் நம் ஊரில் அப்பட்டை துருவேறிப் பாதி அற்றிருந்தது.

சோதிக்கும் முறை கடினமன்று. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியின் பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சிறிது கொடுத்தால் 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும். விளக்குகளையும் வைப்பரையும் போட்டபின் 13-க்குக் கீழ் இறங்கினால், பெல்ட் தளர்ச்சியையும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் பார்க்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பாட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுவதற்கும் அதுவே காரணம். எர்த் பட்டையை அறிய, ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் இரும்புக்கும், பாட்டரியின் உடலோடு இணைந்த முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பாட்டரி முனைகளில் பூத்த உப்பை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவித் துடைத்து, வாஸலைன் தடவுவது போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எஞ்சின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றி, "நின்றுவிடுகிறதா பார்ப்போம்" என்று சோதிக்கும் வழக்கம் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அது டயோடுகளை எரித்துவிடும்.

மிகப் பழைய வண்டிகளில் டைனமோ இருக்கும். அது எஞ்சின் மெதுவாய் ஓடும்போது சார்ஜ் தராது. சிவப்பு விளக்கு மினுக்கும். பாலராமபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் நெரிசலில் ஊர்ந்து செல்லும் இரவில், செலவு உண்டு, வரவில்லை. வண்டியின் குற்றம் அன்று அது, அமைப்பே அவ்வாறுதான். நிற்குமிடத்தில் வேண்டாத விளக்குகளை அணைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சரியாய் இருந்தும், காண்டாக்ட் பாயிண்டும் சுத்தமாய் இருந்தும் குறை நீங்காவிடில், அப்பொழுது கலவையைப் பார்க்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றுங்கள். மல்லிப்பொடி நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எஸ்.யு. கார்ப்யுரேட்டரில் பிஸ்டனை மயிரிழை அளவு தூக்கினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறி அடங்கினால் சரி. அதன் மேற்குழலில் எண்ணெய் வற்றியிருந்தாலும், ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி திணறும். அதையும் முன்னரே பார்த்துவிடுக.

அண்மையில் வந்த மாறுதல் ஒன்றும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. தனிப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். பழைய கார்ப்யுரேட்டரோ இவ்வேறுபாட்டை அறியாது, முன்போலவே ஊற்றும். ஆகவே எவர் கையும் படாமலே கலவையில் காற்று மிகுந்துவிடும். எஸ்.யு.வில் ஜெட்டின் கீழுள்ள நட்டை ஒவ்வொரு பட்டையாக இறக்கிச் சோதித்தால் இதைச் சரிசெய்யலாம். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும், எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுவது கட்டாயம். கசிவு தீ விபத்துக்கு வழி. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் ஊர் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் டாங்கியின் அடியில் நீர் பிரிந்து தங்கும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் வண்டியை ஓட்டிப் பெட்ரோலைச் செலவழித்துப் புதிதாய் நிரப்புக.

விடுமுறைக்குப் பொன்முடி செல்வோருக்கு ஒரு சொல். 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால், கலவையில் பெட்ரோல் சிறிது மிகுந்து எஞ்சின் மந்தமாகும். அங்கே நின்று திருகாணியைத் திருப்பவேண்டா. கீழே இறங்கியவுடன் தானே சரியாகிவிடும்.