கைக்கெட்டும் பலகை

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். பத்து நாள்கூட ஆகவில்லை. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் அடுப்புக் கரியால். பெட்டிகள் செங்கல் துண்டால். புகை மட்டும் பாதியில் நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ வந்துவிட்டார்கள் போலிருக்கிறது!

மல்லாங்கிணற்றில் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னை முதலில் வரவேற்றது இந்த ரயில்தான். விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற கரிசல் காட்டு ஊர் அது. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும்.

"பாருங்கக்கா, இவன் பண்ணி வச்சிருக்கிற வேலையை! ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அழிக்கிறது?" என்று தங்கை அலுத்துக்கொண்டாள். குற்றவாளி தூணுக்குப் பின்னால் நின்றான். வயது ஆறு. கையெல்லாம் கரி.

"வரையறதுக்கு உன்கிட்டே கலர் இல்லையாடா?" என்று கேட்டேன்.

"இருக்கு, பெரியம்மா. அந்தா மேலே!"

அவன் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். பீரோவின் உச்சியில், வெள்ளி டம்ளருக்குப் பக்கத்தில், பளபளவென்று 24 வண்ணப் பெட்டி ஒன்று இருந்தது. அவன் மாமா வாங்கிக் கொடுத்ததாம். மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"குடுத்தா ஒரே நாள்ல ஒடிச்சுப்புடுவான்க்கா. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

சகோதரிகளே, உங்கள் வீட்டு பீரோவின் மேல் என்ன இருக்கிறது? ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்!

குழந்தை சுவரில் கிறுக்குவது குறும்பினால் அல்ல. அவனுக்குக் கரி எட்டுகிறது, சுவர் எட்டுகிறது. வண்ணமும் காகிதமும் எட்டவில்லை. அவ்வளவுதான் சங்கதி. மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமாபுரியில், ஏழைகள் குடியிருந்த பகுதியில், குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார். பூட்டிய அலமாரிக்குப் பதிலாக, குழந்தையின் உயரத்துக்குத் தாழ்வான திறந்த அலமாரி வைப்பது அவர் கண்ட வழி. வேண்டியதைக் குழந்தையே எடுக்கும். முடிந்ததும் அதே இடத்தில் வைக்கும். அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அவர் சொன்னதைச் செய்து பார்க்கப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. ஒரு தக்காளிப் பெட்டி போதும்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம்.

காய்கறிக் கடையிலிருந்து மரப்பெட்டி ஒன்று வந்தது. ஆணிகளைத் தட்டி மடக்கி, சிராய் இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பக்கவாட்டில் படுக்க வைத்தோம். நடுவே ஒரு பலகை. இரண்டு தட்டு அலமாரி தயார்! பையனின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. முற்றத்தை ஒட்டி, வெளிச்சம் விழுகிற மூலையாகப் பார்த்து வைத்தோம். தண்ணீர் கொட்டினாலும் துடைக்கச் சுலபமான சிமெண்டுத் தரை.

அடுத்தது காகிதம். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு காகிதத்துக்குப் பஞ்சம் என்றால் யாராவது சிரிப்பார்கள். அச்சகங்களில் ஓரம் வெட்டித் தள்ளுகிற காகிதம் எடைக்குக் கிடைக்கும். அதுவும் வேண்டாமா? போன வருஷத்து மாதக் காலண்டரைப் புரட்டுங்கள். 12 பெரிய வெள்ளைப் பக்கங்கள். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீசு எல்லாவற்றுக்கும் பின்பக்கம் உண்டு. தினசரிக் காலண்டரின் அட்டையை மடிமேல் வைத்துக்கொண்டால் அதுவே வரைபலகை.

காலண்டர் என்றதும் கொண்டையராஜு நினைவுக்கு வருகிறார். நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டிருந்தவர், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக்கி ஊர் ஊராக அனுப்பின. 1976-ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் படங்கள் எத்தனையோ வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கின்றன. வண்ணம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

அந்த 24 வண்ணப் பெட்டியையும் கீழே இறக்கினோம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக வைக்கவில்லை. ஆறு வண்ணங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சின்னப் பனையோலைப் பெட்டியில் போட்டோம். வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் குழந்தை கலந்து பார்க்கும். அடுக்கி வைக்கவும் சுலபம். இன்னொரு டப்பாவில் கரித்துண்டும் சாக்குக்கட்டியும்.

தூரிகைக்கும் செலவில்லை. வேப்பங்குச்சியின் நுனியைத் தட்டி நாராக்கினால் தூரிகை. மஞ்சள் தூள், செங்காவி, கரித்தூள் இந்த மூன்றையும் சலித்துத் தனித்தனிக் கொட்டாங்கச்சியில் போட்டு, கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் குழைத்தோம். பிசின் சேர்ப்பதனால் காய்ந்த பிறகு வண்ணம் உதிராது. மஞ்சளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

இந்த வட்டாரத்துத் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. மினுமினுப்பாக இருக்கிறதே என்று பட்டாசு வேலை செய்யும் இடத்திலிருந்து எந்தத் தூளையும், மருந்து ஒட்டிய காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மத்தாப்பின் பச்சைக்குப் பேரியம் உப்பு, வெள்ளை வெளிச்சத்துக்கு அலுமினியத் தூள். இவையெல்லாம் பிள்ளை கைக்கு ஆகாது.

கடைசியாகப் பசை. ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கண்ணாடி போல் ஆகும்வரை கிளற வேண்டும். இரண்டு நாள் தாங்கும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் பசையில் கூடவே கூடாது.

ஆறிய பசையைக் கிண்ணத்தில் எடுத்துப் பையன் முன்னால் வைத்தேன். பக்கத்தில் கத்தரித்த காகிதத் துண்டுகள். அப்போதுதான் திண்ணையில் இருந்த அவன் அப்பத்தா எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டார்.

"வேணாம் தாயி. இவன் கையில பசையைக் குடுக்காதே."

"ஏன் அத்தை, கீழே கொட்டிடுவான்னா?"

"கொட்டினாத் தொடச்சுக்கலாம். நான் சாத்தூர்ப் பக்கம் பொறந்தவ. இவன் வயசுல எனக்கும் இப்படித்தான் ஒரு கிண்ணம் பசையும் ஒரு கட்டுக் காகிதமும் குடுத்தாக. தீப்பெட்டி ஒட்டணும். குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. பொழுது விடிஞ்சதுலேருந்து ஒட்டுவோம். பள்ளிக்கூடம் போற பிள்ளைகளை வாசல்ல ஒக்காந்து பார்த்துக்கிட்டே ஒட்டுவோம்."

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளில், எத்தனை பிஞ்சு விரல்கள்! 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்று 2016-ல் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். அதெல்லாம் சரி, அத்தையின் அந்த ஆறாவது வயதை எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

பையனுக்கு இதெல்லாம் என்ன புரிந்ததோ! "எனக்கு ஒரு தீப்பெட்டி செஞ்சு குடு அப்பத்தா" என்றான்.

அத்தை சற்று நேரம் அவனையே பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே இறக்கி, அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காலண்டர் தாளில் ஒரு துண்டு. விரல் ஓடியதுதான் தெரியும். மேல்பெட்டி ஒன்று, அடிப்பெட்டி ஒன்று. அறுபது வருஷமாகியும் விரல்கள் மறக்கவில்லை.

பையன் அதன்மேல் லேபிள் வரைந்தான். மறுபடியும் ரயில்தான்! இந்தத் தடவை புகை முழுசாக வந்தது. "இது என்னடா?" என்று கேட்க வாயெடுத்த தங்கையை நான் கண்ணால் அடக்கினேன். அப்படிக் கேட்டால், நாம் வரைந்தது சரியில்லை போலிருக்கிறது என்று குழந்தை குறுகிப் போகும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்றால் கதை கதையாகச் சொல்லும்.

"இதுக்கு எத்தனை காசு அப்பத்தா?" என்று கேட்டான் பையன்.

"காசு கிடையாதுடா. இது விளையாட்டு" என்றார் அத்தை. சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

மூலைக்கு நாங்கள் வைத்த சட்டங்கள் மூன்றே மூன்று. வரைவது காகிதத்தில். எடுத்தது எடுத்த இடத்தில். முடிந்ததும் கை கழுவ வேண்டும். முற்றத்தில் ஒரு கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பு நாலைந்து போட்டாகிவிட்டது. முடிந்த படங்கள் அங்கே தொங்கும். நாங்கள் மாட்டிய முதல் படம் பையனுடையது. இரண்டாவதாக, தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று தொங்குகிறது. அது யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. திண்ணையில் இருந்தவரும் சொல்லவில்லை.

சரி, சகோதரிகளே! எழுந்திருங்கள். பீரோ மேல் இருக்கிற பெட்டியைக் கீழே இறக்குங்கள்.