கொலு வைத்தால் கண்காணிப்பு ஆகிவிடாது

"ஐந்தே நிமிடத்தில் குபர்நெட்டிஸில் டேட்டாபேஸ் கண்காணிப்பு!" என்று தலைப்பு போட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்து நிமிடத்தில் வருவது கண்காணிப்பு இல்லை ஐயா, படம். கலர் கலராக வளைந்து நெளியும் கோடுகள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டலாம், வைவாவில் காட்டி மார்க் வாங்கலாம். நானே வாங்கியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதை. போன செமஸ்டரில் எங்கள் துறையில் விருப்பப் பாடம் தேர்வு செய்ய ஒரு தளம் கட்டினோம். முந்துகிறவர்களுக்கே இடம் என்பது விதி. லேபில் சும்மா கிடந்த மூன்று கணினிகளை இணைத்து கே3எஸ் போட்டோம். (கணினிப் பக்கம் வராத நண்பர்களுக்கு: குபர்நெட்டிஸ் என்பது 2014-ல் கூகுள் வெளியிட்ட மென்பொருள். கன்டெய்னர் என்கிற சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் நிரல்களைப் போட்டு, பல கணினிகளில் பிரித்து ஓட்டும்; ஒன்று விழுந்தால் இன்னொன்றைக் கிளப்பும். அதன் மெலிந்த தம்பி கே3எஸ். பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குப் பாட் என்று பெயர், அதை ஓட்டும் ஒவ்வொரு கணினிக்கும் நோட் என்று பெயர்.) உள்ளே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதைக் கண்காணிக்க, எல்லாரும் போடுகிற அதே ஹெல்ம் மூட்டை: எண்களைச் சேகரிக்கப் புரோமிதியஸ், படம் காட்டக் கிராஃபானா, கூப்பிட்டுச் சொல்ல அலர்ட்மேனேஜர். கூடவே போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர். ஒரே கட்டளை. எல்லாம் பச்சை. மதிப்பிட வந்தவர் "வெரி குட்" என்றார்.

பதிவு மாலை 6 மணிக்குத் திறந்தது. 7:40-க்குப் படுத்தது.

ஹாஸ்டல்காரர்கள் 6:10-க்கெல்லாம் வைஃபையில் முடித்துவிட்டார்கள். காலேஜ் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆடி ஆடி ஊர் போய்ச் சேர்ந்து, கை கால் கழுவிவிட்டு மொபைலைத் திறந்தவர்களுக்குத்தான் வெள்ளைத் திரை. தளம் மறுநாள் காலையில்தான் எழுந்தது. பதிவானது பதிவானதுதான், மீதி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் பக்கத்து பெஞ்ச் நண்பன் இரண்டு வருடமாக எடுக்க நினைத்திருந்த பாடம் போய்விட்டது. அவன் எங்களைத் திட்டவில்லை. "உங்க டேஷ்போர்டுல அப்ப என்னடா காட்டிச்சு?" என்று மட்டும் கேட்டான்.

ஒன்றுமே காட்டவில்லை. "நோ டேட்டா."

நடந்தது இதுதான். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் வால் என்கிற பதிவேட்டில் எழுதும் (பெயர்தான் வால், நீளமும் அப்படித்தான்). இன்னொரு கணினியில் நகல் டேட்டாபேஸ் வைத்திருந்தால், அது வாசித்து முடிக்கும்வரை பழைய வாலை அழிக்காமல் வைத்திருக்க ஸ்லாட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. நாங்கள் ஒரு செயல்விளக்கத்துக்காக நகல் ஒன்று அமைத்தோம், வேலை முடிந்ததும் நகலை அழித்தோம், ஸ்லாட்டை மறந்தோம். வராத நகலுக்காகப் போஸ்ட்கிரெஸ் மூன்று வாரம் இலை போட்டுக் காத்திருந்தது. போதாததற்கு முந்தின நாள் லோட் டெஸ்ட் என்று ஆயிரக்கணக்கில் போலிப் பதிவுகளைப் போட்டுப் போட்டு அழித்தோம். அத்தனையும் வாலில் சேர்ந்தது. ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வைத்திருக்கலாம் என்று வரம்பு போடும் வசதி 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நாமாகப் போடாவிட்டால் வரம்பு கிடையாது.

டிஸ்க் நிரம்பத் தொடங்கியதும் குபர்நெட்டிஸ் தன் கடமையைச் செய்தது. அந்தக் கடமைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நோட்டில் இடம் குறைந்தால், யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்த்து அந்தப் பாட்டை வெளியேற்றும். ஆனால் அது கணக்கெடுப்பது தற்காலிகச் சேமிப்பையும் லாக் கோப்புகளையும்தான். எங்கள் போஸ்ட்கிரெஸ் கே3எஸ்ஸுடன் வரும் லோக்கல் பாத் சேமிப்பில் இருந்தது. அதாவது நோட்டின் சொந்த டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர். அது இந்தக் கணக்கில் வராது. "10 ஜிபி போதும்" என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததும் வெறும் எழுத்துதான், லோக்கல் பாத் அந்த அளவைக் கட்டாயப்படுத்துவதில்லை. புரோமிதியஸோ? ஹெல்ம் மூட்டையை அப்படியே போட்டால் அதன் தரவு உட்காருவது எம்ப்டிடிர் என்கிற தற்காலிக ஃபோல்டரில். அது கணக்கில் வரும். ஆகவே வீட்டைக் காலி செய்த திருடன் உள்ளேயே இருக்க, காவல்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பாட் போனால் எம்ப்டிடிரும் போச்சு. வேறு நோட்டில் புதிதாகப் பிறந்த புரோமிதியஸுக்குப் பூர்வஜென்ம ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரத்தில் வால் எழுத இடமில்லாமல் போஸ்ட்கிரெஸ் செத்தது.

அப்படியானால் டிஸ்க் நிரம்புகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே? அந்த மூட்டையில் அதற்கான விதிகள் தயாராகவே இருக்கின்றன. மறுவாரம் உட்கார்ந்து, அதே போல வேண்டுமென்றே டிஸ்க்கை நிரப்பிப் பார்த்தோம். எச்சரிக்கை எழுந்தது. அலர்ட்மேனேஜருக்கும் போனது. அங்கிருந்து எங்கே போனது தெரியுமா? "நல்" என்று ஒரு பெறுநர். நல் என்றால் சூனியம். நாம் எதையும் மாற்றாமல் நிறுவினால் எல்லா எச்சரிக்கைக்கும் முகவரி அதுதான். கிணற்றுக்குள் கத்தியிருக்கிறது பாவம்.

இதற்கு மூட்டை கட்டியவர்களைத் திட்ட மாட்டேன். என் மெயில் முகவரி அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் திட்டுவது, அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லாமல் "அவ்வளவுதான், இனி நிம்மதியாகத் தூங்கலாம்" என்று முடிக்கும் பாடங்களையும், அதைப் பார்த்து மார்க் போடுகிறவர்களையும், அதை நம்பிய எங்களையும்தான். வைவாவில் ஒரே ஒருவர், "சரி, இப்போ அந்த டேட்டாபேஸ் பாட்டைக் கொல்லுப்பா, உன் போன் அடிக்குதா பார்ப்போம்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்போம். அந்தக் கேள்வி 30 விநாடி வேலை. கிராஃபானா கொலுவை ஒவ்வொரு படியாகச் சுற்றிப் பார்க்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் பசங்க கம்ப்யூட்டரில் நடப்பது, பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நகல் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பில் இருந்து எடுக்கலாம் என்று போனால் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த கருவியோ 9.2-க்கு உரியது, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயிலும் ஒவ்வொரு முறையும் கிளம்பியிருக்கிறது. அந்த மெயில்களுக்கு டிமார்க் விதிப்படி கையெழுத்து இல்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. கிட்லேப் இதை மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியே எழுதியது, அதற்கு ஒரு சல்யூட்.

அதே வருடம் பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்பு வட வர்ஜினியாவில் விழுந்தது, பாதி இணையமும் கூடவே விழுந்தது. எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காட்டும் அமேசானின் நிலைப் பலகையை மாற்ற முடியவில்லை. காரணம், அந்தப் பலகையை மாற்றும் கருவியே எஸ்3-ஐ நம்பி இருந்தது. சில மணி நேரம் ட்விட்டரில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லேபில் நடந்ததும் இதேதான், என்ன, நாங்கள் ட்விட்டரில் சொல்லவில்லை :-)

கிளஸ்டருக்குள்ளேயே கண்காணிப்பை வைப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. பாட்கள் பிறந்து பிறந்து சாகும் இடத்தில், புதிதாகப் பிறந்ததைத் தானே கண்டுபிடித்து எண்களை வாங்கப் புரோமிதியஸ் உள்ளே இருப்பதுதான் வசதி. எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் திரும்பக் கட்டுவதும் சுலபம். சேகரிப்பு உள்ளேயே இருக்கட்டும். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்ற குரலைக் கேட்கும் காது மட்டும் வெளியே இருக்க வேண்டும். வேடிக்கை பாருங்கள், இதற்கும் அதே மூட்டையில் வழி இருக்கிறது. வாட்ச்டாக் என்று ஒரு எச்சரிக்கை. அது எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்து, சத்தம் நின்றால் ஊரைக் கூட்ட வேண்டும் என்பதற்காகவே வைத்தது. நிறுவியதும் அதுவும் "நல்"லுக்குத்தான் போகிறது. சும்மா சும்மா அடிக்கிறதே என்று அதை அணைத்துவிடச் சொல்லும் புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஏமாற்று: "அப்" என்ற எண். டேஷ்போர்டில் 1 என்று இருந்தால் டேட்டாபேஸ் உயிரோடு இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். அது எக்ஸ்போர்ட்டர் உயிரோடு இருப்பதைச் சொல்லும் எண். டேட்டாபேஸைத் தொட முடிகிறதா என்பதற்கு எக்ஸ்போர்ட்டரே "பிஜி அப்" என்று தனியாக ஒன்று தருகிறது. முதலாவது 1-ஆகவும் இரண்டாவது 0-ஆகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். மருத்துவமனை வாசலில் கம்பவுண்டர் நிற்கிறார், ஆகவே நோயாளி நலம் என்கிற மாதிரி.

எக்ஸ்போர்ட்டருக்கு டேட்டாபேஸின் சூப்பர்யூசர் கடவுச்சொல்லையே தூக்கிக் கொடுக்கச் சொல்லும் பாடங்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். எண்களைப் படிப்பதற்கென்றே "பிஜி மானிட்டர்" என்ற பொறுப்பு 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பத்திரத்தையும் எழுதிக் கொடுப்பார்களா?

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றால், புரோமிதியஸுக்கு நிலையான சேமிப்பு, டேட்டாபேஸ் இல்லாத நோட்டில் இடம், வாலுக்கு வரம்பு, செயல்படாத ஸ்லாட் இருந்தால் எச்சரிக்கை. இதெல்லாம் ஒரு மாலை வேலை. லேபுக்கு வெளியே, என் ஹாஸ்டல் அறையில் ஒரு பழைய மொபைலில் சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. வாட்ச்டாக் குரல் ஐந்து நிமிடம் வராவிட்டால் எங்கள் நான்கு பேரையும் எழுப்பும். மாதம் ஒருமுறை, மற்ற மூவரிடம் சொல்லாமல் ஒருவர் எதையாவது கொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். முதல் மாதம் அலாரம் அடிக்கவேயில்லை. மொபைலில் சார்ஜ் இல்லை. இரண்டாம் மாதம் டேட்டாபேஸைக் கொன்றதும் நான்கு நிமிடத்தில் அடித்தது, நான் அப்போது மெஸ்ஸில் இருந்தேன். அடுத்த விருப்பப் பாடப் பதிவுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்த முறை பதிவைக் காலை 11 மணிக்குத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பஸ்காரர்களும் வளாகத்தில் இருக்கும் நேரம் அது. பதில் இன்னும் வரவில்லை.